மூக்குப் பட்டை ஒட்டினால் குறட்டை குறைகிறது. சிபாப் மெஷினை நிறுத்திவிடலாமா?

கேள்வி: "என் கணவருக்கு 46 வயது. ஸ்லீப் ஸ்டடியில் ஏ.எச்.ஐ. 34 என்று வந்தது, ஆக்ஸிஜன் 78 வரை இறங்கியிருந்தது. டாக்டர் சொன்னபடி, தூங்கும்போது மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் சிபாப் மெஷின் வாங்கினோம். மூக்கு அடைக்கிறது, காற்று முட்டுகிறது என்று பாதி ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறார். ஆன்லைனில் மூக்கின் மேல் ஒட்டும் பட்டையும், மூக்குக்குள் வைக்கும் சிலிக்கான் டைலேட்டரும் வாங்கிப் பார்த்தோம். பட்டை ஒட்டிய நாட்களில் குறட்டை நன்றாகவே குறைந்திருக்கிறது. 'மூச்சு சுலபமாக வருகிறது, இதுவே போதும்' என்கிறார். தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர். மெஷினை நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம். பட்டையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நான் ஒரு ஸ்லீப் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அடுத்த அறையில் தூங்குபவரின் மூச்சை ராத்திரி முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. உங்கள் கேள்வியை ஏதாவது ஒரு வடிவில் அடிக்கடி கேட்கிறார்கள். குறட்டை குறைந்துவிட்டது, அப்படியானால் வியாதியும் குறைந்திருக்கும் என்று நினைப்பது இயல்புதான். அந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 34. தூக்கத்தில் மூச்சுக்காற்று 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றுபோனால் அது ஓர் ஆப்னியா. முழுதாக நிற்காமல் காற்று நன்றாகக் குறைந்து, கூடவே ஆக்ஸிஜன் இறங்கினாலோ மூளை விழித்துக்கொண்டாலோ அது ஹைப்பாப்னியா. இரண்டையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் வருவது ஏ.எச்.ஐ. இது அதிகமாக இருப்பதுதான் ஸ்லீப் ஆப்னியா என்ற வியாதி. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் போனால் கடுமையானது. 34 என்றால் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு தடவை. ஆறு மணி நேரம் தூங்கினால் இருநூறு தடவைக்கு மேல். அவருக்கு அதில் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் மூளை சில விநாடிகள் விழித்து, தொண்டைத் தசையை இழுத்துப் பிடித்து, மூச்சை வரவைத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் தூங்கின மாதிரியே இல்லை என்று இவர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

திரையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. மேலே, மூக்கடியில் வைத்த மெல்லிய குழாயிலிருந்து வரும் காற்றோட்டக் கோடு. அதற்குக் கீழே நெஞ்சில் கட்டிய பெல்ட், வயிற்றில் கட்டிய பெல்ட் இரண்டின் கோடுகள். அப்புறம் குறட்டைச் சத்தம், கடைசியில் விரலில் மாட்டியதிலிருந்து வரும் ஆக்ஸிஜன் அளவு. குறட்டை விடும்போது குறட்டைக் கோடு மை அப்பியதுபோல் அடர்த்தியாக ஆடும். திடீரென்று அது நேர்கோடாகும். காற்றோட்டக் கோடும் நேர்கோடு. ஆனால் நெஞ்சும் வயிறும் நிற்காது. நெஞ்சு ஏறும்போது வயிறு இறங்கும், வயிறு ஏறும்போது நெஞ்சு இறங்கும். மூச்சை இழுக்கப் பார்க்கிறார், காற்று உள்ளே போகவில்லை. இருபது விநாடி, முப்பது விநாடி. அப்புறம் பெரிய கனைப்பு ஒன்று வரும், உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கும், எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் துள்ளி எழும். ஆக்ஸிஜன் கோடு மட்டும் தாமதமாக, மூச்சு திரும்பிய பிறகுதான் அடிமட்டத்தைத் தொடும். நுரையீரலிலிருந்து ரத்தம் விரல் நுனிக்கு வந்துசேர நேரம் எடுக்கிறதல்லவா, அந்தத் தாமதம்.

மூச்சு நின்றிருக்கும் அந்த முப்பது விநாடியும் அறை அமைதியாக இருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் "அப்பாடா, குறட்டை ஓய்ந்தது" என்று கண்ணை மூடுகிற நேரம் அது. குறட்டை வருகிறது என்றால் சிரமப்பட்டாவது காற்று போகிறது. சத்தம் நின்றதும் காற்றும் நின்றிருக்கலாம். அதனால் குறட்டையை வைத்து ஆப்னியாவை எடைபோட முடியாது. உங்கள் காதில் விழும் சத்தம் குறைந்திருப்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் 34 குறைந்திருக்கிறதா என்பதற்கு அது சாட்சி இல்லை.

சரி, பட்டை ஒட்டினால் அவருக்கு மூச்சு சுலபமாக வருவதும் நிஜம்தானே, அது எப்படி? மூச்சு போகும் பாதை முழுவதிலும் காற்றுக்கு உண்டாகும் எதிர்ப்பில் பாதிக்கு மேல் மூக்கில்தான் இருக்கிறது. மூக்கிலேயே மிகக் குறுகலான இடம், துவாரத்துக்குச் சற்று உள்ளே, நடுத்தண்டும் பக்கச்சுவரின் குருத்தெலும்பும் சந்திக்கிற மூலை. நாசி வால்வு என்று சொல்வார்கள். ஒடுக்கமான மூக்குகளில் அந்த மூலையின் கோணம் 10 முதல் 15 டிகிரிதான். ஒரு குழாயில் சீராகக் காற்று ஓடும்போது அதன் ஆரம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்காகும் என்பது பௌதிகக் கணக்கு. ஆகவே அந்த மூலையைத் துளி அகலப்படுத்தினாலும் மூச்சு லேசாவது நன்றாகவே தெரியும். பட்டைக்குள் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் ஸ்பிரிங்குகள் இருக்கும். வளைத்து ஒட்டினால் அவை நிமிரப் பார்க்கும், அந்த இழுப்பில் மூக்கின் பக்கச்சுவர் வெளியே விரியும். உள்ளே வைக்கும் சிலிக்கான் வகை அதே சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. மருந்து எதுவும் கிடையாது, வெறும் இழுப்பும் தள்ளலும்தான்.

ஒட்டும் பட்டை அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த புரூஸ் ஜான்சன் என்பவரின் யோசனை. அவருக்கே மூக்குத் தண்டு வளைவும் அலர்ஜியும் இருந்தன. அதைப் பிரீத் ரைட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது சி.என்.எஸ். என்ற சிறிய நிறுவனம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி 1993இல் கிடைத்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் அதை ஒட்டிக்கொண்டு டிவியில் தெரிந்ததும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. உள்ளே வைக்கும் வகையில் பழையது சுவீடனின் நோசோவென்ட். இதில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. சி.என்.எஸ். அதற்கு முன்பு தூக்கக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக் கருவிகளைச் செய்துகொண்டிருந்த நிறுவனம். ஆப்னியா என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்தவர்களே பட்டையை ஆப்னியாவுக்கு வைத்தியம் என்று விற்கவில்லை. மூக்கடைப்புக்கும் குறட்டைக்கும் என்றுதான் விற்றார்கள். இன்றைக்கும் நல்ல கம்பெனிகளின் அட்டைப் பெட்டியைப் பொடி எழுத்து வரை படித்தால் ஸ்லீப் ஆப்னியாவுக்கான சிகிச்சை இது அல்ல என்ற எச்சரிக்கை இருக்கும்.

காரணம், ஆப்னியாவில் மூடிக்கொள்வது தொண்டை. மூக்குக்கு எலும்பும் குருத்தெலும்பும் சட்டமாக நிற்கின்றன. மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. நடுவில் அண்ணத்தின் பின்பக்கத்திலிருந்து நாக்கின் அடி வரை உள்ள பகுதிக்கு மட்டும் அப்படி ஒரு சட்டம் கிடையாது, ஏனென்றால் அதே இடத்தால்தான் விழுங்கவும் பேசவும் வேண்டும். விழித்திருக்கும்போது தசைகள் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் தசைகள் தளர்கின்றன. கழுத்தில் கொழுப்போ, பின்தள்ளிய தாடையோ, பெரிய நாக்கோ இருந்தால் அந்த இடம் ஒட்டிக்கொள்கிறது.

கிணற்றில் மோட்டார் ஓட்டியவர்களுக்கு இது உடனே பிடிபடும். தண்ணீரை உறிஞ்சும் பக்கம் கெட்டியான ஹோஸ்தான் போடுவார்கள். அங்கே துவளும் மெல்லிய ஹோஸைப் போட்டு, கீழே புட்வால்வில் குப்பையும் அடைத்திருந்தால், மோட்டார் இழுக்க இழுக்க ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். நுரையீரல்தான் மோட்டார், மூக்கு புட்வால்வு, தொண்டை அந்த மெல்லிய ஹோஸ். புட்வால்வைச் சுத்தம் செய்தால் மோட்டார் அவ்வளவு பலமாக இழுக்க வேண்டாம், சப்புவதும் கொஞ்சம் குறையும். ஆனால் ஹோஸே துவண்டு கிடந்தால் வால்வு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. சிபாப் செய்வது வேறு வேலை: வால்வுப் பக்கமிருந்து அழுத்தத்தோடு உள்ளே தள்ளி ஹோஸை உப்பவைத்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் ஐந்து நோயாளிகளிடம் காட்டியது இதைத்தான். அந்தக் காற்றும் மூக்கு வழியாகத்தான் போயிற்று என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, கொள்கையளவில் மூக்கைத் திறந்தால் ஆப்னியா ஓரளவாவது குறைய வேண்டும். நிஜத்தில் எவ்வளவு குறைகிறது? ஹவாயில் இருக்கும் ட்ரிப்ளர் ராணுவ மருத்துவ மையத்தைச் சேர்ந்த மக்கேரியோ கமாச்சோவும் சக மருத்துவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2016இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். 14 ஆய்வுகள், 147 நோயாளிகள். பட்டையோ டைலேட்டரோ இல்லாமல் சராசரி ஏ.எச்.ஐ. 28.7. அவற்றில் ஒன்றோடு 27.4. இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். உள்ளே வைக்கும் வகையில் மூச்சு முழுதாக நிற்கும் எண்ணிக்கை மட்டும் மணிக்கு ஐந்து அளவில் குறைந்தது. வெளியே ஒட்டும் பட்டையில் அதுவும் இல்லை.

இதைவிட எனக்கு அழுத்தமாகப் பட்டது பிரேசிலில் நடந்தது. சிபாப் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகளில் ஒப்பிடுவதற்கு ஒரு போலி சிகிச்சை வேண்டும். நோயாளிக்கு ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று தோன்ற வேண்டும், ஆனால் வியாதியை அது தொடக்கூடாது. சாவோ பாலோ ஆராய்ச்சியாளர்கள் அதற்குத் தேர்ந்தெடுத்தது மூக்குப் பட்டையை. பட்டை ஒட்டினாலும் ஏ.எச்.ஐ. மாறவில்லை, ஆகவே அதைப் போலி சிகிச்சையாகப் பயன்படுத்தலாம் என்று 2012இல் எழுதினார்கள். உங்கள் கணவர் எதை நம்பி மெஷினை விடலாம் என்று யோசிக்கிறாரோ, அது ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்தியம் இல்லாத வைத்தியமாக வைக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். "மூக்கில் வைக்கும் சின்னப் பொருளால் ஆப்னியா பாதியாகக் குறைந்தது" என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அது பொய் இல்லை, ஆனால் பொருள் வேறு. பிரோவென்ட் என்று ஒன்று வந்தது. இரண்டு துவாரங்களையும் மூடி ஒட்டும் சிறு வால்வு. மூச்சை இழுக்கும்போது திறக்கும், விடும்போது ஏறக்குறைய மூடிக்கொள்ளும். வெளியே போக முடியாத காற்று தொண்டைக்குள் அழுத்தமாக நின்று அதைத் திறந்து வைக்கும். 250 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களுக்கு மூன்று மாத முடிவில் ஏ.எச்.ஐ. ஏறக்குறைய 14லிருந்து 6க்கும் கீழே வந்தது. மூக்கை அகலப்படுத்துவதற்கு நேர் எதிரான வேலை அது. அந்த முடிவை எடுத்துப் பட்டைக்கு விளம்பரமாக ஒட்டக்கூடாது. அதேபோல் மூக்கின் நடுத்தண்டைக் கவ்விக்கொள்ளும் காந்த கிளிப்புகள் குறட்டைக்கு என்று மலிவாகக் கிடைக்கின்றன. அவை எதையும் விரிப்பதில்லை, அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். வாய்க்கு டேப் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் ஒன்று வீடியோக்களில் பரவுகிறது. மூக்கு அடைக்கிறவர், ஏ.எச்.ஐ. 34 உள்ளவர், அதைத் தானாகச் செய்து பார்க்கவே கூடாது.

இப்போது உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன். அவர் மெஷினை வெறுக்கக் காரணம் மூக்கு என்று அவரே சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கைதான் வந்தது. எதனால் பிடிக்கவில்லை என்றே சொல்லத் தெரியாமல் மாஸ்க்கைத் தூக்கி எறிபவர்களைவிட இவருக்கு உதவுவது எளிது. சிபாப் காற்று மூக்கு வழியாகப் போயாக வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் காற்று முட்டும், வாய் திறக்கும், வாய் வழியாகக் காற்று ஒழுகும், தொண்டை காய்ந்து எரியும், இரண்டு மணிக்கு மாஸ்க் தலைமாட்டில் இருக்கும். வாய் திறந்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. கீழ்த்தாடை பின்னோக்கிச் சரியும், நாக்கும் கூடவே போகும், ஏற்கெனவே ஒடுங்கிய தொண்டை இன்னும் ஒடுங்கும். படுத்தால் மூக்கின் உள்சதையில் ரத்தம் தேங்கி இயல்பாகவே கொஞ்சம் வீங்கும். பகலில் நன்றாக இருக்கும் மூக்கு ராத்திரி அடைப்பது அதனால்தான்.

ஆகவே செய்ய வேண்டியது மூக்கைச் சரிசெய்து மெஷினுக்கு வழி திறப்பது. முதலில் ஒரு ஈ.என்.டி. டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். தண்டு வளைவா, சதை வீக்கமா, பாலிப்பா, அலர்ஜியா, நாசி வால்வு பலவீனமா என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை: கண்ணாடி முன் நின்று, மூக்குக்கு அடுத்த கன்னத்தை விரலால் காதுப் பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டு அந்தப் பக்கத் துவாரத்தால் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். சட்டென்று சுலபமானால் குறுகல் அந்த வால்வில் இருக்க வாய்ப்பு அதிகம், அவருக்குப் பட்டை வேலை செய்வதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. இழுத்தும் வித்தியாசம் இல்லையென்றால் அடைப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. பட்டை எட்டாத இடம் அது.

அலர்ஜி வீக்கம் என்றால் டாக்டர் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுப்பார். மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்றவை. ஒரு நாளில் பலன் தெரியாது, சில வாரங்கள் விடாமல் அடிக்க வேண்டும். தலையை லேசாகக் குனிந்து, நுனியை நடுத்தண்டின் பக்கம் காட்டாமல் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். தண்டின் மேலேயே அடித்தால் ரத்தம் கசியும். உடனே மூக்கைத் திறந்துவிடும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டுமருந்துகள் வேறு ஜாதி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும், அடித்த சில நிமிடங்களில் சுகமாக இருக்கும். ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து இறங்கும்போது மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், அப்புறம் அது இல்லாமல் தூங்கவே முடியாது. சிபாப் போடுவதற்காகத் தினமும் இதை அடித்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படும். ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு நல்ல பலன் தரும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரிலோ டிஸ்டில்ட் வாட்டரிலோதான் செய்ய வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது.

மெஷினில் ஹியூமிடிஃபையர் தொட்டி இருக்கிறதா, அதில் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறாரா என்று பாருங்கள். ஏ.சி. அறையில் காய்ந்த காற்றை மணிக்கணக்கில் மூக்குக்குள் தள்ளினால் எந்த மூக்கும் வீங்கும். சூட்டையும் ஈரத்தையும் ஒரு படி ஏற்றினாலே பலருக்கு அடைப்பு பாதியாகிவிடும். மாஸ்க் வகையையும் மறுபரிசீலனை செய்யலாம். மூக்கு தேறும் வரை வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் சிலருக்கு உதவும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் கூடுதல் அழுத்தம் தேவைப்படும், காற்றும் அதிகம் ஒழுகும். என் அனுபவத்தில் மூக்கைச் சரிசெய்துவிட்டு மூக்கு மாஸ்க்குக்குத் திரும்புகிறவர்கள்தான் நீண்ட நாள் போட்டுக்கொள்கிறார்கள்.

பட்டைக்கும் டைலேட்டருக்கும் இடம் இங்கேதான். மெஷினோடு சேர்த்துப் போட்டால் தேவைப்படும் அழுத்தம் பெரிதாகக் குறைந்துவிடாது. காற்று முட்டுகிற உணர்வு குறையும், வாய் மூடியிருக்கும், நாலு மணிக்குக் கழற்றுகிறவர் ஆறு மணி வரை வைத்திருப்பார். அதுவே பெரிய லாபம். ஒட்டும் பட்டையை மூக்கின் எலும்புப் பாலத்தில் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. எலும்பு முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்கும் இடத்தில், துவாரங்களின் புடைப்புக்குச் சற்று மேலே இரண்டு முனைகளும் உட்கார வேண்டும். விரலை மூக்கின் மேல் வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே வந்தால் அந்த இடம் தெரியும். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஒரு மணி நேரத்தில் முனை உரிந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கிரீம் எதுவும் தடவாமல் ஒட்டச் சொல்லுங்கள். நடுவை முதலில் வைத்து அப்புறம் இரண்டு முனைகளையும் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். காலையில் வெந்நீரால் நனைத்து ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். வெடுக்கென்று பிய்த்தால் தோல் சிவந்து மறுநாள் ஒட்ட முடியாது. மாஸ்க்கின் மெத்தை பட்டையின் மேல் உட்கார்ந்தால் அங்கே காற்று ஒழுகும். படுக்கும் முன் ஒரு முறை மாஸ்க்கை மாட்டி, மெஷினை ஓடவிட்டு, கண்ணுக்குக் காற்று அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வைக்கும் சிலிக்கான் வகை, துவாரத்துக்குள் செருகும் பில்லோ மாஸ்க்கோடு சேராது. மூக்கை முழுதாக மூடும் மாஸ்க்கிலும் ஃபுல் ஃபேஸிலும் வைத்துப் பார்க்கலாம், ஆனால் மாஸ்க் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. அளவு சின்னதாக இருந்தால் ராத்திரி கழன்றுவிடும், பெரிதாக இருந்தால் உள்ளே புண்ணாகும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்களுக்கு இது வேண்டாம். தினமும் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி வைக்க வேண்டும்.

தண்டு நன்றாகவே வளைந்திருந்தால் ஈ.என்.டி. டாக்டர் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். அங்கேயும் அளவான எதிர்பார்ப்போடு போங்கள். மூக்கு ஆபரேஷன் தனியாக ஆப்னியாவை அபூர்வமாகத்தான் தீர்க்கும். ஆனால் அதற்குப் பிறகு சிபாப் அழுத்தம் குறைகிறது. கமாச்சோ குழுவினரே 2015இல் தொகுத்த இன்னொரு கணக்கில் சராசரி 11.6லிருந்து 9.5 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்கு இறங்கியிருந்தது. முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிறவருக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் நன்றாகவே தெரியும்.

எத்தனை மணி நேரம் போடுகிறார் என்பதை நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசக் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே இதய, மூளை ரத்தக்குழாய் நோய் உள்ள 2,717 பேரிடம் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், சிபாப் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. ஆனால் அவர்கள் மெஷினைப் போட்டது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். பகல் தூக்கமும் மனச்சோர்வும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கே தேறின. மீதி நேரம் முழுக்கத் தொண்டை மூடி மூடித்தான் திறந்திருக்கும். விடியற்காலையில் கனவுத் தூக்கம் அதிகம், தசைகள் அப்போதுதான் மிகவும் தளரும், ஆப்னியாவும் பலருக்கு அப்போது மோசமாகும். உங்கள் கணவர் பாதி ராத்திரியில் கழற்றிவிடுவதால் பாதுகாப்பில்லாமல் போவது அந்தப் பாதிதான்.

எல்லாம் செய்தும் மெஷின் ஒத்துவராமல் போனால் கை கழுவிவிட மாட்டார்கள். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து வைக்கும் பல் கருவி இருக்கிறது, தூக்க மருத்துவம் தெரிந்த பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தருவார். லேசான, நடுத்தர ஆப்னியாவில் அது நன்றாக வேலை செய்யும், கடுமையானதிலும் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். மல்லாந்து படுத்தால் மட்டும் அதிகமாகிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கப் பழகலாம். எடை முக்கியம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வில் உடல் எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறைந்தது, 10 சதவீதம் கூடியவர்களுக்கு 32 சதவீதம் ஏறியது. பருமனோடு நடுத்தர, கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அங்கீகரித்தார்கள். அது அவருக்குப் பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ராத்திரி மது, தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டை மட்டும் போதும் என்று நான் யாருக்குச் சொல்வேன்? பரிசோதனையில் ஆப்னியா இல்லை என்று உறுதியான, மூக்கடைப்பால் குறட்டை விடுகிறவர்களுக்கு. ஜலதோஷம் பிடித்த நாட்களில் யாருக்கும். குழந்தைகள் வாயைத் திறந்து குறட்டை விட்டால் பட்டை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் அடினாய்டும் டான்சிலும்தான் காரணம், நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் கணவர் இதையெல்லாம் கேட்டும் "எனக்குப் பட்டையே சரியாகிவிட்டது" என்று நின்றால் சண்டை போடாதீர்கள். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு, பட்டை ஒட்டிய நிலையிலேயே, மெஷின் இல்லாமல், ஒரு ராத்திரி ஸ்லீப் ஸ்டடி எடுக்கலாம். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் சின்னக் கருவியிலும் செய்யலாம். 34 என்ன ஆயிற்று, 78 என்ன ஆயிற்று என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அதுவரை மெஷின் நிற்கக்கூடாது. மெஷின் தன் பங்குக்கு எத்தனை மணி நேரம் ஓடியது, மீதி ஏ.எச்.ஐ. எவ்வளவு, எவ்வளவு காற்று ஒழுகியது என்று தினமும் பதிந்து வைக்கிறது. மெமரி கார்டிலோ செல்போன் ஆப்பிலோ எடுக்கலாம். பட்டை ஒட்டிய வாரத்தையும் ஒட்டாத வாரத்தையும் பிரித்துக் குறித்துவைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டினால், பட்டை அவருக்கு உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் பைக். மாஸ்க்கைப் பாதியில் கழற்றுகிற இந்த நாட்களில், சிக்னலில் நிற்கும்போது கண் சொக்குகிறதா, வந்த வழி ஞாபகம் இல்லாமல் ஆபீஸ் வாசலில் நிற்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தூக்கம் சரியாகும் வரை பஸ்ஸிலோ ரயிலிலோ போகட்டும், அடுத்த அப்பாயிண்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் டாக்டருக்கு இந்த வாரமே போன் செய்து சொல்லுங்கள்.